மாடு முட்டினால் யார் பொறுப்பு?

மாடு முட்டிற்று என்றால் நம்மவர் சிரிப்பதே வழக்கம். ஆலையில் இயந்திரத்தில் கை சிக்கினால் ஊர் கூடும். சுரங்கத்தில் மண் சரிந்தால் சட்டசபையில் கேள்வி எழும். தொழுவத்திலே ஒருவன் உதைபட்டு விலா ஒடிந்து கிடந்தாலோ, "முரட்டு மாடென்று தெரிந்தும் கிட்டே போனான்" என்ற ஒரு வாக்கியத்தோடு விவகாரம் முடிந்துபோகிறது. மருந்துச் செலவு கொடுத்தால் எஜமானர் தர்மவான். கொடுக்காவிட்டால் அடிபட்டவனின் தலைவிதி. தர்மத்துக்கும் விதிக்கும் நடுவில் உரிமை என்ற மூன்றாவது ஒன்று உண்டா என்பதே இன்று நாம் நேயர்கள் முன் வைக்க விரும்பும் கேள்வி.

இக்கேள்வி ஒளிவு மறைவின்றி எழுந்து, நியாயஸ்தலத்தில் முற்ற விசாரிக்கப்பட்டு, விடையும் பெற்றது அமெரிக்காவில். அந்நாட்டின் தென்மேற்கே, மெக்ஸிகோ தேசத்து எல்லையை ஒட்டிக் கிடப்பது நியூ மெக்ஸிகோ ராஜ்யம். வறண்ட பூமி. அங்கே பால் பண்ணை என்பது நாம் அறிந்த நாலு மாட்டுக் கொட்டில் அன்று. பண்ணை ஒன்றுக்குச் சராசரி இரண்டாயிரம் பசுக்களுக்கு மேல் உண்டு. இரவென்றும் பகலென்றும் பாராமல் கறவை இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கும். மாடுகளை ஓட்டி வந்து, வரிசையில் நிறுத்தி, மடியைத் துடைத்து, இயந்திரத்தைப் பொருத்தி, மறுபடி பட்டிக்கு ஓட்டிச் செல்லும் ஆட்களில் மிகப் பலர் எல்லை கடந்து பிழைக்க வந்த ஏழைகள். இவர்களுடைய வேலையை ஆலை வேலை அல்ல என்று சொல்பவர் ஆலையையும் கண்டதில்லை, அந்தப் பண்ணையையும் கண்டதில்லை.

அத்தகைய பண்ணை ஒன்றில் வேலை செய்த ஆள் ஒருவனைப் பசு ஒன்று தலையால் முட்டித் தள்ளிற்று. அவன் சிமெண்டுத் தரையில் முகங்குப்புற விழுந்து தலையில் பலத்த காயமுற்றான். அதே ராஜ்யத்தில் மிளகாய்த் தோட்டத்தில் பழம் பறித்துக்கொண்டிருந்த ஸ்திரீ ஒருத்தி வழுக்கி விழுந்து மணிக்கட்டு ஒடிந்தாள். இருவரும் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டப்படி மனுச் செய்தார்கள். இருவர் மனுவும் தள்ளுபடியாயின. காயம் பொய்யென்றோ, வேலைநேரத்தில் நேரவில்லையென்றோ எவரும் சொல்லவில்லை. பண்ணை வேலையாட்களுக்கும் மேய்ச்சல் பண்ணை ஆட்களுக்கும் இச்சட்டம் பொருந்தாது என்று சட்டத்திலேயே ஒரு விலக்கு இருந்தது. அவ்வளவுதான்.

அந்த விலக்கின் விசித்திரத்தைக் கவனியுங்கள். விலக்கப்பட்டது விவசாயத் தொழில் அன்று. விவசாய முதலாளியும் அன்று. அதே பண்ணையில் காரியாலயத்தில் உட்கார்ந்து கணக்கெழுதும் குமாஸ்தா நாற்காலியிலிருந்து விழுந்தால் நஷ்டஈடு உண்டு. பறித்த மிளகாயைப் பெட்டியில் அடைப்பவனுக்கும் உண்டு. செடியிலிருந்து பறிப்பவளுக்கு இல்லை. பாலைப் பதப்படுத்துகிறவனுக்கு உண்டு. பாலைக் கறக்கிறவனுக்கு இல்லை. அபாயம் எங்கே குறைவோ அங்கே சட்டம் குடை பிடித்தது. எங்கே அதிகமோ அங்கே குடையை மடக்கிக்கொண்டது. மூன்று பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருக்கும் சிறு குடியானவரைச் சட்டம் வேறு விதியால் முன்னமே விட்டுவிட்டதாதலால், ஏழைக் குடியானவனைக் காப்பதற்காகவே இந்த விலக்கு என்று சொல்லவும் இடமில்லை.

1980ஆம் வருஷத்தில் அந்த ராஜ்யத்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் இவ்விலக்கு செல்லுமென்று தீர்த்திருந்தது. அதே நீதிமன்றம் 2015இல் செல்லாதென்றது. பிறகு உச்ச நீதிமன்றத்தின் முறை. விலக்கை ஆதரித்தவர்கள் வரிசையாகக் காரணங்களைக் கொண்டு வந்து கொட்டினார்கள். விவசாயத்துக்குச் செலவு மிச்சமாகும் என்றார்கள். எந்தக் கூட்டத்தாரை விலக்கினாலும் அவர்களுக்குக் கொடுக்க வேண்டிய பணம் மிச்சந்தான். அதற்காக இந்தக் கூட்டத்தாரை ஏன் பொறுக்கி எடுத்தீர்கள் என்பதற்கு அது விடையாகுமா? பருவத்துக்கு வந்து போகும் ஆட்களுக்குக் கணக்கு வைப்பது சிரமம் என்றார்கள். அதே பண்ணைகள் மற்ற ஆட்களுக்கெல்லாம் கணக்கு வைத்துக்கொண்டுதான் இருந்தன. விளைபொருளின் விலையைக் குடியானவன் நிர்ணயிப்பதில்லை, சந்தை நிர்ணயிக்கிறது என்றார்கள். உண்மை, ஆனால் சந்தை விலைக்குக் கட்டுப்பட்ட தொழில் விவசாயம் ஒன்றுதானா? 2016ஆம் வருஷம் ஜூன் 30ந் தேதி அந்த உச்ச நீதிமன்றம், எவ்வித நியாயமும் இல்லாத பாரபட்சம் என்று சொல்லி விலக்கை ரத்துச் செய்தது. பழைய காயங்களையெல்லாம் கிளறாமல், வழக்காடிய இருவருக்கும் இனிமேல் அடிபடுவோருக்கும் தீர்ப்புப் பொருந்தும் என்று வரையறுத்தும் வைத்தது.

காரணங்களில் ஒன்றைத் தனியே எடுத்துச் சொல்ல வேண்டும். கிராமிய மரபைக் காப்பதற்காக இந்த விலக்கு என்று ஒரு வாதம் வந்தது. பண்ணை என்பது குடும்பம் போன்றது, தலைமுறை தலைமுறையாக வருவது, அதில் சட்டம் நுழைந்தால் அந்தப் பாசம் கெட்டுவிடும் என்பது அதன் சாரம். இரண்டாயிரம் மாட்டுப் பண்ணைக்கும் முறை வைத்து ஓடும் இயந்திரங்களுக்கும் இந்தப் பாசப் போர்வையைப் போர்த்தியதைப் படித்தபோது நமக்குச் சிரிப்பு வந்தது. உடனே நம் ஊர் நினைவு வந்தது; சிரிப்பு நின்றது. அதைப் பின்னால் சொல்லுவோம்.

இன்னொரு வாதம், வக்கீல்களுக்கு மிகவும் பிரியமானது. நஷ்டஈட்டுச் சட்டம் இல்லாவிட்டால் என்ன, சிவில் கோர்ட்டில் வழக்குப் போடலாமே என்பது. போடலாம். ஆனால் மாடு விஷயத்தில் அந்தக் கதவு எவ்வளவு குறுகலானது என்பதை நேயர்கள் அறிய வேண்டும். ஆங்கிலேயரின் பழைய பொதுச் சட்டம் பிராணிகளை இரண்டு ஜாதியாகப் பிரித்தது. சிங்கம், யானை முதலியன இயல்பிலேயே கொடியவை. அவற்றை வைத்திருப்பவன் அவற்றால் விளையும் கேட்டுக்கு முழுப் பொறுப்பாளி. மாடு, குதிரை, ஆடு, நாய் ஆகியவை சாது ஜாதி. சாது ஜாதி மிருகம் ஒருவனைக் காயப்படுத்தினால், "இந்த மாட்டுக்கு இந்தக் கெட்ட குணம் உண்டென்று சொந்தக்காரனுக்கு முன்னமே தெரியும்" என்பதை அடிபட்டவன் ருசுப்படுத்த வேண்டும். பர்மாவிலிருந்து வந்த சாதுவான சர்க்கஸ் யானை ஒன்றைக்கூட 1957இல் ஆங்கில நீதிமன்றம் கொடிய ஜாதியில்தான் சேர்த்தது. அதற்கு முன் எவருக்கும் தீங்கு செய்யாத யானையாயினும் பொறுப்பு உண்டு. முன்பு எவரையும் முட்டாத மாடாயின் பொறுப்பு இல்லை. இதோடு, அபாயம் தெரிந்தே வேலைக்கு வந்தாய், உன் அஜாக்கிரதையும் கலந்திருக்கிறது, உன்னோடு வேலை செய்த கூட்டாளி செய்த பிழை அது என்று எஜமானர்கள் பாடும் மூன்று பழைய பல்லவிகளும் சேர்ந்துகொள்ளும்.

மாடு சாதுதானா? 2003 முதல் 2008 வரை அயோவா, கான்ஸஸ், மிஸ்ஸௌரி, நெப்ராஸ்கா ஆகிய நான்கு ராஜ்யங்களில் மாடுகளால் நேர்ந்த சாவுகளை அமெரிக்கப் பொதுச் சுகாதார அதிகாரிகள் ஒவ்வொன்றாக விசாரித்து 2009இல் அறிக்கை வெளியிட்டார்கள். மொத்தம் 21 பேர். பத்துப் பேரைக் கொன்றவை காளைகள். ஆறு பேரைக் கொன்றது தனித்தனிப் பசு. மற்ற ஐவர் பல மாடுகளின் நெரிசலில் மாண்டார்கள். இருபது பேர் தலையிலோ மார்பிலோ இடிபட்டுச் செத்தவர்கள். இருபத்தொன்றாவது மனிதனின் சாவு விநோதமானது: மாட்டுக்குப் போடவேண்டிய மருந்தை ஊசியில் ஏற்றிச் சட்டைப் பையில் வைத்திருந்தான், பசு தள்ளி வீழ்த்தியபோது ஊசி அவன் உடலிலேயே ஏறிவிட்டது. மாட்டைப் பிழைப்பிக்கும் மருந்து மனிதனுக்கு யமனாயிற்று. இறந்தவர்களில் பெரும்பாலோர் வயது முதிர்ந்தவர்கள், வாழ்நாளெல்லாம் மாட்டோடு பழகியவர்கள். பழக்கம் காப்பாற்றும் என்று நம் பெரியவர்கள் சொல்லுவதை இந்த இடத்தில் நாம் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அந்த அறிக்கையில் வக்கீல் கண்ணுக்குப் படும் வரி ஒன்று உண்டு. கொன்ற மாடுகளில் மூன்றில் ஒரு பங்கே அதற்கு முன் முரட்டுத்தனம் காட்டியவை. பழைய பொதுச் சட்டத்தை வைத்துப் பாருங்கள். மீதி மூன்றில் இரண்டு பங்கு வழக்குகளில் சொந்தக்காரருக்கு முன்னறிவு இருந்ததாக எதைக் காட்டி ருசுப்படுத்துவது? மாடு முதல் தடவை கொல்லும்போது சட்டம் மன்னிக்கிறது. இரண்டாந் தடவைக்கு முதலாமவன் உயிரோடில்லை.

மாடு ஏன் இப்படிச் செய்கிறது என்பதையும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் "அஜாக்கிரதை" என்ற குற்றச்சாட்டின் பலம் இதில்தான் கரைகிறது. மாட்டின் கண்கள் தலையின் இரு பக்கத்திலும் இருப்பதால், நின்ற இடத்திலிருந்தே ஏறக்குறைய சுற்றிலும் அதற்குத் தெரியும். நேர் பின்புறம் மட்டும் தெரியாது. அங்கே திடீரென்று ஒரு கை பட்டால், அது சிந்திப்பதில்லை, உதைக்கிறது. குதிரை பின்னுக்கு உதைக்கும் என்று விலகி நிற்கத் தெரிந்தவன்கூட மாட்டிடம் ஏமாந்துவிடுகிறான். மாடு காலை முன்னுக்குத் தூக்கிப் பக்கவாட்டில் சுழற்றி வீசும். கறப்பவனோ சரியாக அந்தச் சுழற்சிக்குள்தான் குந்தியிருக்கிறான். அதனால்தான் நம் பெண்கள் கறக்குமுன் பின்னங்கால்களைக் கயிற்றால் அணைத்துக் கட்டுகிறார்கள். மேடுபள்ளத்தின் ஆழத்தைக் கணிப்பதும் மாட்டுக்குக் கடினம். தரையில் விழுந்த நிழல் அதற்குக் குழியாகத் தோன்றும். வாசலில் தொங்கும் சங்கிலி, வேலியில் போட்ட துணி, ஈரத்தரையின் பளபளப்பு, எல்லாம் அதை மிரட்டும். டெம்பிள் கிராண்டின் என்ற அமெரிக்கப் பெண்மணி 1970களில் மாட்டுப் பட்டிகளின் ஒடுங்கிய பாதைகளுக்குள் தாமே புகுந்து, மாட்டின் கண்மட்டத்திலிருந்து பார்த்து, எது அதை மிரட்டுகிறது என்று ஒவ்வொன்றாகக் கண்டு சொன்னார். கழி எடுத்து அடிப்பதைவிட அந்தச் சங்கிலியை அவிழ்த்துவிடுவது மேல் என்று பெரிய பெரிய கம்பெனிகள் அவரிடம் பாடம் கேட்டன.

கன்று ஈன்ற பசுவின் கோபம் வேறு வகை. தாய்மையின் கோபம் என்று கவிகள் புகழலாம். கன்றைத் தூக்கப்போனவனின் விலாவுக்கு அது தெரியாது. காளையின் விஷயத்தில் நம் நம்பிக்கை தலைகீழானது. புட்டியில் பாலூட்டிக் கையிலே வளர்த்த காளை நம்மிடம் விசுவாசமாயிருக்கும் என்று நினைக்கிறோம். உண்மையில் அப்படித் தனியே வளர்ந்த காளைதான் அதிக அபாயம். அதற்கு மனிதனிடம் அச்சமில்லை. மனிதனையும் தன் மந்தையில் ஒருவனாக, போட்டிக் காளையாக எண்ணுகிறது. பால் ஜாதிக் காளைகள் இதில் பெயர்பெற்றவை. செயற்கைக் கருவூட்டல் பரவிய பிறகு பண்ணைக்கொரு பொலிகாளை வேண்டாமென்று ஆயிற்று. நம் தேசத்தில் 1939இல் மைசூர் அரண்மனைப் பால் பண்ணையில் அது முதன்முதலாகச் செய்யப்பட்டபோது வம்சவிருத்தியைத்தான் எண்ணினார்கள். எத்தனையோ ஆட்களின் உயிரையும் அது காத்துவிட்டதை எவரும் கணக்கெடுக்கவில்லை.

இவ்வளவும் தெரிந்த பிறகு விபத்தைத் தடுப்பது மந்திரவித்தை அல்ல. பட்டியின் வேலியில் ஆள் பக்கவாட்டாய் நுழையக்கூடிய, மாடு நுழைய முடியாத ஒரு சந்து விட்டால் துரத்தப்படுபவனுக்கு உயிர் மிஞ்சும். சிகிச்சைக்கு மாட்டை நிறுத்தி அடைக்கும் இரும்புச் சட்டம் ஒன்று, வழுக்காத தரை, தனியே ஒருவனை ஈன்ற பசுவிடம் அனுப்பாமை: இவையெல்லாம் செய்யக்கூடியவையே. செய்வதில்லை; ஏனெனில் செய்யாவிட்டால் எஜமானருக்கு நஷ்டமில்லை. அமெரிக்காவிலும் பத்துப் பேரும் அதற்குக் குறைவும் வேலை செய்யும் பண்ணைகளில் தொழிற் பாதுகாப்பு அதிகாரிகள் சட்டத்தை அமல்நடத்தப் பணம் செலவிடக் கூடாதென்று 1976 முதல் வரவுசெலவுச் சட்டத்தில் நிபந்தனை போட்டுவந்திருக்கிறார்கள். அடிபட்டவனுக்குக் கொடுத்தாக வேண்டும் என்ற நிலை வந்தால்தான் வேலியில் சந்து முளைக்கும் என்பது எம் துணிபு.

முட்டும் உதையும் கண்ணுக்குத் தெரியும் காயங்கள். தெரியாதவையும் உண்டு. கன்று வீசும் நோய் கண்ட பசுவின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுப்பவனுக்கு, மாதக்கணக்கில் விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் மூட்டுவலியும் வாய்க்கும். வாயில் நுரை தள்ளும் மாட்டுக்குத் தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறதென்று கையை விட்டுத் துழாவுகிறவன், அது வெறிநோயாக இருந்தால் தன் உயிரையே பணயம் வைக்கிறான். அடைப்பானில் செத்த மாட்டை அறுப்பவன் கதையும் அதுவே. இந்த அடைப்பான் ஒன்றை மட்டும் சட்டம் வெகுகாலம் முன்பே அறிந்திருந்தது. ஏன்? ரோமமும் தோலும் கப்பலேறிச் சீமைக்குப் போயின. அங்கே ஆலைகளில் ரோமம் பிரித்தவர்கள் செத்தார்கள்.

இனி நம் சட்டத்துக்கு வருவோம். இங்கிலாந்தில் 1897ஆம் வருஷத்து நஷ்டஈட்டுச் சட்டம் ரயில், ஆலை, சுரங்கம் முதலியவற்றை எடுத்துக்கொண்டு விவசாயியை வெளியே நிறுத்திற்று. மூன்றே வருஷத்தில், 1900இல், அவனையும் உள்ளே அழைத்துக்கொண்டது. அந்நாட்டார்தாம் நம்மை ஆண்டார்கள். 1923இல் அவர்கள் இங்கே ஒரு சட்டம் செய்தபோது, தங்கள் தேசத்துப் பண்ணையாளுக்கு இருபத்துமூன்று வருஷம் முன்பே கொடுத்ததை நம் பண்ணையாளுக்குக் கொடுக்கவில்லை. ஆலையும் ரயிலும் சுரங்கமும் துறைமுகமும் இருந்தன. அடைப்பான் நோயும் பட்டியலில் இருந்தது. உழுதவனும் மேய்த்தவனும் இல்லை.

பட்டியல் பிறகு சிறுகச் சிறுக வளர்ந்தது. யானையைப் பழக்குபவர், பனையேறுபவர், பாம்பைக் கையாளுபவர் என்று வந்து சேர்ந்தார்கள். குதிரை, கோவேறு கழுதை, காளை போன்ற பிராணிகளைக் கையாளுபவர் என்று ஓர் இனம் வந்தது. பசு எங்கே என்று நேயர்கள் கேட்கலாம். "போன்ற" என்ற சொல்லின் முதுகில் ஏறி அது உள்ளே வந்துவிடும். அதுவும் போதாவிட்டால் நிலத்தில் பயிரிடுவோரும் கால்நடை வளர்ப்போரும் என்று வேறோர் இனம் இருக்கிறது. இத்தனை பேருக்கு மேல் வேலை செய்தால்தான் என்று பல இனங்களில் போட்டிருந்த தொகை வரம்புகளை 2009ஆம் வருஷத்துத் திருத்தம் எடுத்துவிட்டது. அது 2010 ஜனவரியில் அமலுக்கு வந்தது. அந்தச் சட்டமும் இப்போது 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் அடங்கிவிட்டது. ஆகவே நியூ மெக்ஸிகோவில் நீதிமன்றம் ஏறி வாங்கியதை நம் தேசத்தில் பார்லிமெண்டே கொடுத்திருக்கிறது. காகிதத்தில்.

காகிதம் என்று இகழ்ந்து சொல்லவில்லை. அதன் விலையைக் கணக்கிட்டுப் பாருங்கள். மாதம் 10,000 ரூபாய் கூலி வாங்கும் நாற்பது வயது ஆள் வேலையில் இறந்தால், அதில் பாதியை அவன் வயதுக்குரிய 184.17 என்ற எண்ணால் பெருக்கவேண்டும். 9,20,850 ரூபாய். அவன் அஜாக்கிரதையாய் இருந்தான் என்பது அதற்கு ஜவாபாகாது. முன்னமே முட்டிய மாடா என்ற கேள்வியும் அங்கே எழாது.

அப்படியானால் கேட்பவர் ஏன் இல்லை? ஒரு காரணம், கேட்பதற்கு எஜமானர் வேண்டும். நம் நாட்டில் மாட்டைக் கட்டி, தீனி வைத்து, கறப்பவர்களில் மிகப் பெரும் பகுதி சொந்த மாட்டை வைத்திருக்கும் வீட்டுப் பெண்கள். அவர்களுக்கு எஜமானர் இல்லை. ஆகவே சட்டமும் இல்லை. பசுவின் காதிலே எண் போட்ட வில்லை குத்தி, சர்க்கார் மானியத்தோடு அதற்கு இன்ஷ்யூரன்ஸ் எடுக்கிறார்கள். அந்தப் பசு உதைத்து இடுப்பு ஒடிந்தவளுக்கு என்ன எடுத்தோம்? நம் மாகாணத்தில் 2011 முதல் உழவர் பாதுகாப்புத் திட்டம் ஒன்று விபத்துக்கு உதவி செய்கிறது. அட்டை பெற்றவர்க்கு அது பயன்பட்டிருக்கிறது. நன்றே. ஆயினும் அது சர்க்காரின் உதவி. எஜமானரின் கடமை அதனால் தீர்ந்துவிடாது. 2017இல் காளைக்காக மெரீனாக் கடற்கரையில் கூடிய கூட்டத்தை நாம் மறக்கவில்லை. வாடிவாசலில் இன்று டாக்டரும் வண்டியும் தயாராய் நிற்கிறார்கள். அந்தக் காளையை வருஷம் முழுவதும் பிடித்துக் கட்டுகிற ஆளைப்பற்றி அக்கூட்டத்தில் ஒருவர் பேசியதாக நமக்கு நினைவில்லை.

இரண்டாவது காரணத்தை எம் சொந்த அனுபவத்திலிருந்தே சொல்லவேண்டும். 2014ஆம் வருஷம். யாம் அப்போது பத்திரிகையோடு வக்கீல் தொழிலையும் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். நாற்பது வயதுள்ள ஒருவன் வலது கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தான். பன்னிரண்டு மாடுகள் உள்ள வீட்டில் சிறு வயது முதல் வேலை. மாதம் ஆறாயிரம் ரூபாயும் இரு வேளைச் சோறும். புதிதாய் வாங்கிய பசுவைக் கம்பத்தில் கட்டும்போது, தாம்புக் கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்திருக்கிறான். மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கு மாடு மிரண்டு ஓடிற்று. கயிறு கம்பத்தில் இறுகியது. கட்டைவிரல் அடியோடு போயிற்று. சட்டத்தின் அட்டவணையில் கட்டைவிரலுக்கு நூற்றுக்கு முப்பது என்று போட்டிருக்கிறது. கணக்குப் பார்த்தால் 1,98,904 ரூபாய் வந்தது. அந்தத் தொகையை யாம் சொன்னபோது அவன் நம்பவில்லை. தன்னைக் கேலி செய்கிறோம் என்று நினைத்தான்.

எஜமானருக்கு நோட்டீசு போயிற்று. அவரே நேரில் வந்தார். நல்ல மனிதர், ஆஸ்பத்திரிச் செலவு முழுவதும் அவர்தான் கொடுத்திருந்தார். எம் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து கண்ணீர் விட்டார். "ஐயா, அவன் எங்கள் வீட்டுப் பிள்ளை. என் தாயார் கையால் சோறு தின்று வளர்ந்தவன். அவனைப் போய்க் கூலியாள் என்று எழுதியிருக்கிறீர்களே" என்றார். அவர் நடிக்கவில்லை என்பதுதான் இதில் கஷ்டம். ஆனால் அவர் வக்கீல் போட்ட பதில் மனுவிலும் அதுவே சட்டமொழியில் இருந்தது: மனுதாரர் பிரதிவாதியின் குடும்பத்தில் ஒருவராய் வாழ்ந்தவர், அவர் அன்பினால் ஒத்தாசை செய்தாரேயன்றிக் கூலிக்கு வேலை செய்யவில்லை. சம்பளப் பதிவு கிடையாது. சாட்சி சொல்ல ஊரில் யார் வருவார்?

எமக்குக் கை கொடுத்தது பால் சங்கத்து நோட்டு. காலையும் மாலையும் அந்த வீட்டுப் பாலைக் கொண்டுபோய் ஊற்றியவன் இவனே. பால் ஊற்றியவர் கையொப்பம் என்ற இடத்தில், எஜமானரின் அங்கத்தினர் எண்ணுக்கு நேரே, ஏழு வருஷமாக இவன் பெயர். வீட்டுப் பிள்ளை ஒரு நாள்கூட ஊருக்குப் போகவில்லை. கல்யாணம் காட்சி என்று ஒரு வேளைகூடத் தவறவில்லை. நோட்டின் நகலை ஆணையர் முன் தாக்கல் செய்ய நாள் குறித்திருந்தது.

அதற்கு முந்தின வாரம் அவன் வந்து மனுவை வாபஸ் வாங்கிக்கொள்ளச் சொன்னான். ஐம்பதினாயிரம் ரூபாயும் ஒரு கிடாரிக் கன்றும் கொடுப்பதாகப் பேச்சு முடிந்துவிட்டதாம். நஷ்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது, ராஜி என்றாலும் ஆணையர் முன் பதிவு செய்யவேண்டும், முழுத் தொகையையும் வாங்கித் தருகிறோம் என்று எவ்வளவோ சொன்னோம். பொறுமையாகக் கேட்டான். "தொகை வரும் ஐயா. வந்த பிறகு யார் வீட்டு மாட்டை நான் கறப்பது?" என்றான். கட்டைவிரல் இல்லாத கையால் எப்படிக் கறப்பாய் என்று கேட்டோம். இடது கையால் பழகிக்கொண்டிருப்பதாகச் சொல்லி, நடு அறையில் நின்றபடியே விரல்களை மடக்கிக் காட்டினான்.